கோர்ட்டிலிருந்து பின்னோக்கி: கடல்வழி போதைக் கடத்தலைத் தடுக்கும் ராணுவ நடவடிக்கையை வடிவமைப்பது எப்படி

ப்ராஜெக்ட் சீசனில் என்னிடம் வரும் எம்.இ. மாணவர்களில் ஒருவராவது ‘கடல்வழி போதைக் கடத்தல் தடுப்பு’ என்று தலைப்பு எடுத்து வருவார். அறிக்கையின் முதல் பக்கத்தில் ஒரு ட்ரோன் படம். இரண்டாம் பக்கத்தில் அது எத்தனை மணி நேரம் பறக்கும், எத்தனை கிலோ சுமக்கும் என்று அட்டவணை. அதை வைத்து என்ன சாதிக்கப் போகிறோம் என்பது எங்கேயோ நடுவில் வரும், வந்தால். கடல் ரோந்துக்கு சிமுலேஷன் எழுதிப் பிழைத்தவன் நான். சாமானை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற வேலையைத் தேடுவது சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் (பல உறுப்புகள் சேர்ந்த அமைப்பை முழுசாகப் பார்த்து வடிவமைப்பது) ஆகாது, அது கொள்முதல். எப்படித் தொடங்கி எப்படிக் கொண்டுபோவது என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

உதாரணத்துக்கு அமெரிக்காவின் ஜே.ஐ.ஏ.டி.எஃப். சவுத் என்ற கூட்டுப் பணிக்குழுவை எடுத்துக்கொள்வோம். ஃபுளோரிடாவின் தென்கோடியில், கீ வெஸ்ட் தீவில் இருக்கிறது. 1989இல் வேறு பெயரில் தொடங்கி, இடையில் பெயரும் உருவமும் மாறி, தென் அமெரிக்காவிலிருந்து கரீபியன் வழியாகவும் கிழக்குப் பசிபிக் வழியாகவும் வடக்கே போகும் கொக்கெய்னைக் கண்காணித்து வருகிறது. நாடாளுமன்ற விசாரணைகள், தணிக்கை அறிக்கைகள், சட்டங்கள் என்று நிறையப் பொதுவெளியில் கிடைக்கிறது. மாணவருக்கு அதுதான் முக்கியம்.

எல்லையை எங்கே போடுவது

முதல் வேலை ஒரு பெரிய தாளில் சிஸ்டத்தின் எல்லைக்கோட்டைப் போடுவது. பெரும்பாலோர் கடலைச் சுற்றிப் போடுவார்கள்: விமானம், கப்பல், ரேடார், கட்டுப்பாட்டு அறை. நான் போடச் சொல்வது கோர்ட்டையும் உள்ளே சேர்த்து.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. கடல், வான் வழியாக வரும் போதைப்பொருளைக் ‘கண்டுபிடித்துக் கண்காணிக்கும்’ பொறுப்பை 1980களின் கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றம் பாதுகாப்புத் துறையிடம் கொடுத்தது. கைது செய்யும் வேலையைக் கொடுக்கவில்லை. உள்நாட்டுச் சட்ட அமலாக்கத்தில் ராணுவத்தை இறக்குவதற்கு 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை போட்டது. அதன் வழிவந்த கொள்கைகள் கடற்படையையும் கட்டிப்போட்டன. ஆனால் கடலோரக் காவல் படைக்குச் சட்ட அமலாக்க அதிகாரம் உண்டு. அதனால் என்ன செய்தார்கள்? கடற்படையின் போர்க்கப்பலிலேயே கடலோரக் காவல் படையின் சிறு குழு ஒன்றை ஏற்றி அனுப்பினார்கள். சந்தேகப் படகை நிறுத்திச் சோதிக்க வேண்டிய நேரம் வந்ததும் கப்பலின் தந்திரோபாயக் கட்டுப்பாடு கடலோரக் காவல் படையின் கைக்கு மாறும். அந்தப் படையின் கொடி மேலே ஏறும். அதே கப்பல், அதே மாலுமிகள், அதே பீரங்கி. மாறியது அதிகாரம் மட்டும். சிஸ்டம்ஸ் இன்ஜினியர் ரசித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. புது வன்பொருள் எதுவும் வாங்காமல், இணைப்பிடத்தை (இரண்டு உறுப்புகள் ஒன்றையொன்று தொடும் இடம்) மட்டும் வடிவமைத்து ஒரு தேவையை நிறைவேற்றியிருக்கிறார்கள். பணிக்குழுவின் தலைமையும் அப்படித்தான்: ராணுவக் கட்டளையகத்தின் கீழ் இருக்கும் அமைப்பு, தலைவரோ கடலோரக் காவல் படையின் ரியர் அட்மிரல்.

கோர்ட்டை எல்லைக்கு வெளியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அரைமூழ்கிப் படகுகளைப் பாருங்கள். காட்டுக்குள் ஃபைபர் கிளாஸில் கட்டப்படுபவை. உடல் முழுக்கத் தண்ணீருக்குள், ஒரு சிறு மேடு மட்டும் வெளியே. 2006இல் கோஸ்டா ரிகாவுக்குத் தென்மேற்கே ஒன்று சுமார் மூன்று டன் கொக்கெய்னோடு பிடிபட்டது. அதற்குப் பிறகு எதிராளி கற்றுக்கொண்டார். ரோந்துக் கப்பல் கண்ணில் பட்டதும் வால்வைத் திறந்துவிட்டு, ஆட்கள் கடலில் குதித்துவிடுவார்கள். படகு சில நிமிஷத்தில் அடியில் போய்விடும். சரக்கு போச்சு, சாட்சியம் போச்சு. கடலோரக் காவல் படையின் கையில் மிஞ்சுவது மீட்கப்பட்ட நாலு பேர். எதற்காக வழக்குப் போடுவது?

இதற்கு வேகமான படகு வாங்கலாம், சரக்கு மூழ்குமுன் ஏறிவிடலாம் என்று ஒருவர் சொல்வார். அதுவும் ஒரு வழிதான். ஆனால் 2008 அக்டோபரில் நிறைவேறிய சட்டம் வேறு வழியில் போனது. எந்த நாட்டுக் கொடியும் இல்லாத அரைமூழ்கிப் படகை, கண்ணில் படாமல் தப்பும் நோக்கத்தோடு சர்வதேசக் கடலில் ஓட்டுவதே குற்றம் என்று ஆக்கிவிட்டது. சரக்கு கையில் இருக்க வேண்டிய அவசியமே போய்விட்டது. ‘ஆதாரம்’ என்ற தேவையையே மாற்றி எழுதிவிட்டார்கள். எல்லைக்கோட்டுக்குள் சட்டம் இருந்தால்தான் இப்படி ஒரு மாற்று உங்கள் ஒப்பீட்டு அட்டவணையில் வரும்.

தேவைகளைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

அரசு வழக்கறிஞரின் மேஜையிலிருந்து தொடங்குங்கள். அவருக்கு என்ன வேண்டும்? படகு எங்கே, எந்த நேரத்தில் நிறுத்தப்பட்டது, எந்த நாட்டுக் கொடி, கொடிநாட்டின் (படகு பதிவான நாடு) சம்மதம் எப்போது வந்தது, யார் ஏறினார்கள், என்ன எடுத்தார்கள், எடுத்தது கைமாறிய வரிசை, வீடியோ. இவற்றில் ஒவ்வொன்றும் கடலில் யாரோ ஒருவர் செய்ய வேண்டிய வேலை. கொடிநாட்டின் சம்மதம் என்பது 1988 வியன்னா உடன்படிக்கையின் 17ஆவது பிரிவில் வருகிறது. அமெரிக்கா பல நாடுகளோடு தனித்தனி ஒப்பந்தமும் போட்டு வைத்திருக்கிறது, சம்மதம் வர எடுக்கும் நேரத்தைக் குறைக்கத்தான். ‘சம்மதம் இத்தனை மணி நேரத்துக்குள் வர வேண்டும்’ என்பதை ரேடாரின் வீச்சுக்கு இணையான ஒரு தேவையாக எழுதுங்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடுவார்கள்: பிடிபட்டவர்களை எங்கே வைப்பது? கிழக்குப் பசிபிக்கில் பிடிபட்டவர்கள் ரோந்துக் கப்பலின் மேல்தளத்தில் சங்கிலியோடு வாரக்கணக்கில் இருந்தது அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிய செய்தியானது. அது மனித உரிமைக் கேள்வி. அதோடு, திட்டமிடாத ஒரு கொள்ளளவுத் தேவையும்கூட. நிழல், தண்ணீர், கழிப்பறை, காவலுக்கு ஆள், மருத்துவர், கரைக்குக் கொண்டுபோக இன்னொரு கப்பல். இதைத் தேவைப் பட்டியலில் எழுதாத அறிக்கையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சங்கிலியைப் பெருக்கிப் பாருங்கள்

அப்புறம் செயல்களை வரிசைப்படுத்துங்கள். துப்பு, கண்டுபிடித்தல், இன்னதென்று அடையாளம் காணல், விடாமல் தொடர்தல், போய்ச் சேர்தல், நிறுத்துதல், ஏறிச் சோதித்தல், ஆதாரம், வழக்கு. எந்தக் கட்டத்திலும் ‘ட்ரோன்’, ‘கப்பல்’ என்ற பெயர்ச்சொல் வரக்கூடாது. யார் செய்வது என்பது பிறகு. கண்டுபிடிக்கும் வேலையை வர்ஜீனியா, டெக்சாஸ், புவேர்ட்டோ ரிக்கோவில் இருக்கும் தொடுவானத்துக்கு அப்பால் பார்க்கும் ரேடார்கள் செய்யலாம் (சோவியத் குண்டுவீச்சு விமானங்களைப் பார்க்க உருவாக்கப்பட்டவை, வேலை மாறி வந்தவை), பி-3 ரோந்து விமானம் செய்யலாம், மீனவர் ஒருவர் போன் பண்ணியும் சொல்லலாம்.

கண்டுபிடிப்பதை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம், கணக்கு எளிமையாக இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காக பெர்னார்ட் கூப்மன் எழுதிய தேடல் கோட்பாடு இன்றைக்கும் ஓடுகிறது. ஒரு விமானம் ஒரே ஓட்டத்தில் பயனுள்ள விதத்தில் பார்க்கும் அகலம் 20 கடல் மைல், வேகம் 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்), அந்த இடத்தில் சுற்றும் நேரம் 6 மணி என்று வைத்துக்கொள்வோம். இதெல்லாம் கற்பனை எண்கள்தான். பெருக்கினால் 30,000 சதுரக் கடல் மைல். தேட வேண்டிய பரப்பும் 30,000 என்றால் விகிதம் 1. முழுசாகத் துழாவிவிட்டோம், கண்டுபிடிக்கும் வாய்ப்பு 100 சதவீதம் என்று நினைப்பீர்கள். ஒழுங்கற்ற தேடலுக்கான கூப்மன் சூத்திரம் 63 சதவீதம் என்கிறது. பார்த்த இடத்தையே திரும்பப் பார்ப்பதும், பார்க்காத இடம் விட்டுப்போவதும் நிஜத்தில் நடக்குமே.

இப்போது நல்ல துப்பு ஒன்று வந்து பரப்பு பாதியாகிறது: விகிதம் 2, வாய்ப்பு 86 சதவீதம். துப்பு மோசமாகிப் பரப்பு இரட்டிப்பாகிறது: 39 சதவீதம். படகு தாழ்வாக, நீல வண்ணம் பூசி வருகிறது, பார்க்கும் அகலம் 20லிருந்து 5 ஆகிறது: 22 சதவீதம். விமானம் அதேதான். துப்பும் இலக்கின் உருவமும்தான் எண்ணை ஆட்டிவைக்கின்றன. பணிக்குழு உளவுத் தகவலுக்கு இவ்வளவு உயிரை விடுவது ஏன் என்று இந்த நாலு வரியில் புரியும்.

சரி, முழுச் சங்கிலிக்கு வருவோம். ஒவ்வொரு கட்டமும் நடக்கும் வாய்ப்பு, இவையும் கற்பனை எண்கள்தான்: துப்பு கிடைக்க 0.6. கண்டுபிடிக்க 0.63. சரியாக அடையாளம் காண 0.9. எட்டும் தூரத்தில் கப்பல் இருக்க 0.4. நிறுத்த 0.9. ஆதாரமும் சம்மதமும் சரியாக அமைய 0.9. பெருக்கினால் சுமார் 0.11. நூறில் பதினொன்று. இன்னொரு விமானம் வாங்கிக் கண்டுபிடிப்பை 0.86 ஆக்கினால் 0.15க்குப் போகும். அதே பணத்தைக் கப்பலில் போட்டு 0.4ஐ 0.7 ஆக்க முடிந்தால் 0.19. மாணவர்கள் எல்லோரும் முதலாவதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், விமானம் பார்க்க நன்றாக இருக்கும் என்பதால்.

நிஜ உலகமும் இதைச் சொல்லியிருக்கிறது. 2014 மார்ச்சில் அமெரிக்கத் தென் கட்டளையகத்தின் (பணிக்குழு இதன் கீழ்தான் வருகிறது) தலைவராக இருந்த ஜெனரல் ஜான் கெல்லி, சந்தேகத்துக்குரிய கடல்வழிக் கடத்தலில் 74 சதவீதத்தைத் தொட முடியவில்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். அவர் சொன்ன காரணம், போதிய கப்பல், விமானம் இல்லை. தெரிந்தும் வேடிக்கை பார்க்க வேண்டிய நிலை.

எண்களைப் பெருக்கும்போது ஒரு எச்சரிக்கை. இவை ஒன்றையொன்று சாராதவை என்று நினைத்துத்தான் பெருக்குகிறோம். அலை அதிகமானால் கண்டுபிடிப்பதும் கெடும், ஏறிச் சோதிப்பதும் கெடும், ஹெலிகாப்டர் எழும்புவதும் கெடும், எல்லாம் ஒரே நாளில். ஒரு படகைப் பிடித்த கப்பல், ஆட்களையும் சரக்கையும் வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போக முடியாது, வரிசை சேர்ந்துவிடும். ஆகவே இந்தப் பெருக்கல் கைக்கணக்கு. அடுத்த கட்டத்தில் கப்பல்களையும் வானிலையையும் நாள் நாளாக ஓட்டும் சிமுலேஷன் எழுதியே ஆக வேண்டும். மாடலில் ‘கப்பல் பிஸி’ என்ற நிலை இல்லை என்றால் அந்த மாடலை நம்பாதீர்கள்.

‘நிறுத்துதல்’ கட்டத்தில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. மூன்று நான்கு எஞ்சின் மாட்டிய வேகப் படகுகளைக் கப்பல் துரத்திப் பிடிக்காது. 1990களின் கடைசியில் கடலோரக் காவல் படை ஹெலிகாப்டர் படைப்பிரிவு ஒன்றை ஜாக்சன்வில்லில் உருவாக்கியது. ஹெலிகாப்டர் பக்கத்தில் போய்த் தன்னைக் காட்டும், ஒலிபெருக்கியில் சொல்லும், அப்புறம் எச்சரிக்கைச் சூடு, அதற்கும் நிற்காவிட்டால் பெரிய துப்பாக்கியால் எஞ்சினை மட்டும் குறிவைத்துச் சுடும். ஆள் உயிரோடு, சரக்கு படகில், வழக்குக்கு எல்லாம் கையில். கோர்ட் எல்லைக்குள் இருந்தால் ஆயுதத் தேர்வுகூட எப்படி மாறுகிறது பாருங்கள்.

இணைப்பிடங்கள்: பெரு, 2001

ஒரு சதுர அட்டவணை போடுங்கள். மூலைவிட்டத்தில் அமைப்பின் உறுப்புகள்: விமானம், கப்பல், கட்டுப்பாட்டு அறை, நட்பு நாட்டுப் படை, வழக்கறிஞர். மற்ற ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் இன்னொருவருக்கு என்ன தருகிறார் என்று எழுதுங்கள். ‘தகவல்’ என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. என்ன தகவல், எந்த மொழியில், எந்த அலைவரிசையில், எவ்வளவு பழையது, ‘இல்லை, நிறுத்து’ என்று சொல்ல யாருக்கு அதிகாரம், அந்தச் சொல் எத்தனை வினாடியில் போய்ச் சேரும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், 2001 ஏப்ரல் 20. பெருவின் அமேசான் பகுதியில் கடத்தல் விமானங்களைத் தடுக்கும் கூட்டு நடவடிக்கை. சி.ஐ.ஏ. ஒப்பந்தத்தில் ஓடிய கண்காணிப்பு விமானம் ஒரு சிறிய செஸ்னாவைக் கண்டுபிடித்தது. கண்காணிப்பு விமானத்தில் இருந்த பெரு விமானப்படை அதிகாரி வழியாகத் தகவல் போனது, பெருவின் ஏ-37 போர் விமானம் வந்தது, சுட்டது. செஸ்னாவில் இருந்தது அமெரிக்க மிஷனரிக் குடும்பம். தாயும் கைக்குழந்தையும் இறந்தார்கள். காலில் குண்டடி பட்ட விமானி ஆற்றில் இறக்கினார்.

விசாரணைகள் காட்டியது என்ன? கண்டுபிடித்தல் வேலை செய்தது. போய்ச் சேர்தல் வேலை செய்தது. துப்பாக்கியும் வேலை செய்தது. அமெரிக்கக் குழுவுக்கு ஸ்பானிஷ் போதாது, பெரு அதிகாரிக்கு ஆங்கிலம் போதாது. அமெரிக்கக் குழுவுக்கு இது கடத்தல் விமானம்தானா என்று சந்தேகம் வந்தது, ஆனால் அந்தச் சந்தேகம், சுடுபவரைத் தடுத்து நிறுத்தும் சொல்லாகப் போய்ச் சேரவில்லை. மிஷனரி விமானி இக்கிடோஸ் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசிக்கொண்டிருந்தார், போர் விமானம் விட்ட எச்சரிக்கைகள் அவர் காதில் விழவில்லை. அடையாளம் காணலுக்கு விதிமுறைகள் எழுத்தில் இருந்தன. அவை வருஷக்கணக்கில் சுருக்கப்பட்டும் தாண்டப்பட்டும் வந்தன என்று சி.ஐ.ஏ.யின் தலைமை ஆய்வாளர் பின்னால் அறிக்கை கொடுத்தார்.

ஆக, அட்டவணையில் ‘நிறுத்து’ என்ற கட்டத்தைத் தனி நிறத்தில் போடுங்கள். சந்தேகம் வந்தால் இயல்பாகவே நின்றுபோகும்படி சிஸ்டம் இருக்க வேண்டும், யாராவது கத்தி நிறுத்த வேண்டியதாக இருக்கக்கூடாது. விதிமுறை கடைப்பிடிக்கப்படுகிறதா என்று வெளியாள் பார்க்கும் தணிக்கையும் வடிவமைப்பின் ஒரு பாகம். நடவடிக்கை வெற்றியாக ஓடும்போதுதான் விதிகள் தேயும்.

எதிராளி சும்மா இருக்க மாட்டான்

பாலம் கட்டினால் ஆறு தன் வழியை மாற்றிக்கொண்டு பாலத்தை ஏமாற்றாது. கடத்தல்காரன் ஏமாற்றுவான். 1990களில் பெருவிலிருந்து கொலம்பியாவுக்கான வான்வழி நெருக்கப்பட்டது. பெருவில் கோக்கா (கொக்கெய்னுக்கான செடி) சாகுபடி சரிந்தது, கொலம்பியாவில் ஏறியது. வேகப் படகை நெருக்கினால் அரைமூழ்கி, கரீபியனை நெருக்கினால் பசிபிக். உங்கள் வரைபடத்தில் எதிராளியிடமிருந்து திரும்பி வரும் அம்பு இல்லை என்றால் மாடல் முதல் வருஷத்துக்கு மட்டும்தான் சரி.

நமக்கு ஆதரவாகத் திரும்பும் அம்பும் உண்டு. டாம்பாவிலிருந்து இயங்கிய ‘பனாமா எக்ஸ்பிரஸ்’ என்ற விசாரணைக் குழு, பிடிபட்ட மாலுமிகளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து, அவர்கள் சொல்வதிலிருந்து அடுத்த படகுகளுக்கான துப்பை எடுத்தது. கணக்கில் முதலில் வந்த 0.6 இருக்கிறதே, அதை ஏற்றுவது கடைசிக் கட்டம்தான். 2025 செப்டம்பரிலிருந்து அமெரிக்க ராணுவம் கடத்தல் படகுகள் என்று சந்தேகிப்பவற்றை நேரடியாகத் தாக்கி அழிக்கத் தொடங்கியது. செப்டம்பர் 2ஆம் தேதி நடந்த முதல் தாக்குதலில் 11 பேர் இறந்ததாக அந்நாட்டு அதிபரே அறிவித்தார். சட்டமும் நியாயமும் பற்றிய கேள்விகள் பெரியவை. வடிவமைப்பாளராக நான் பார்ப்பது, ஏறிச் சோதித்தல், ஆதாரம், வழக்கு மூன்றும் அறுந்துபோகின்றன, அவற்றோடு துப்பின் ஊற்றும் போகிறது. அடையாளம் காணலில் விழுந்த தவறைப் பின்னால் கண்டுபிடிக்கவும் வழியில்லை. அந்த 0.9 உண்மையில் 0.9தானா என்று எப்படித் தெரியும்?

எதை அளப்பது

டன் கணக்கை மட்டும் காட்டாதீர்கள். பிடிபட்ட டன் ஏறினால் நாம் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டோம் என்றும் இருக்கலாம், ஓடுகிற சரக்கு கூடிவிட்டது என்றும் இருக்கலாம். கீழே வகுக்கும் எண் வேண்டும். அமெரிக்காவும் 2015க்குள் அந்தக் கடல்பகுதியில் ஓடும் கொக்கெய்னில் 40 சதவீதத்தை நீக்குவது என்று விகிதத்தில்தான் இலக்கு வைத்தது. ஆனால் வகுக்கும் எண்ணே மதிப்பீடு என்பதால், ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி அளவு வையுங்கள்: துப்பு வந்ததில் எத்தனை கண்டுபிடிக்கப்பட்டன, கண்டுபிடித்ததில் எத்தனைக்குக் கப்பல் போனது, போனதில் எத்தனை வழக்கானது. கூடவே, ஏறிச் சோதித்து ஒன்றும் இல்லாமல் விடப்பட்ட மீன்பிடிப் படகுகளின் எண்ணிக்கை. இந்தக் கடைசி எண்ணை யாரும் விரும்பிக் காட்டுவதில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான்.

சோதித்துப் பார்ப்பது

தேவைப்படி கட்டினோமா என்பது ஒரு கேள்வி, தேவையே சரிதானா என்பது இன்னொன்று. முதலாவதுக்குப் பயிற்சி ஓட்டங்கள் போதும். இரண்டாவதுக்குப் பழைய நிகழ்வுகளை மாடலில் திரும்ப ஓட்டுங்கள்: 2001 பெரு நிகழ்வை ஓட்டினால் உங்கள் வடிவமைப்பு எந்த வினாடியில் நிறுத்துகிறது? மூழ்கடிக்கப்படும் அரைமூழ்கிப் படகை ஓட்டினால் வழக்கறிஞரின் மேஜைக்கு என்ன போய்ச் சேருகிறது? மேஜைப் பயிற்சியில் (நடவடிக்கையை மேஜையில் உட்கார்ந்தே நடத்திப் பார்ப்பது) எதிராளியாக உட்காருபவர் உங்கள் அணியில் இல்லாதவராக இருக்கட்டும்.

நம் கடலுக்கு மாற்ற விரும்புபவர்களுக்கு: சங்கிலி அதேதான், கடைசி முனை மாறும். 2023 மே மாதம் போதைப்பொருள் தடுப்பு முகமையும் இந்தியக் கடற்படையும் சேர்ந்து சுமார் 2,500 கிலோ மெத்தம்ஃபெட்டமினைப் பிடித்துக் கொச்சிக்குக் கொண்டுவந்தன. அது 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வழக்காகும் வழி. 2025 மார்ச் 31 அன்று ஐ.என்.எஸ். தர்காஷ் மேற்கு இந்தியப் பெருங்கடலில் 2,500 கிலோவுக்கு மேல், பெரும்பாலும் ஹாஷிஷ், கைப்பற்றியது. அது பஹ்ரைனிலிருந்து இயங்கும் பன்னாட்டுக் கூட்டணியின் 150ஆம் பணிக்குழுவோடு சேர்ந்து நடந்தது. அந்தக் கூட்டணியின் வழக்கம் பெரும்பாலும் சரக்கை எடுத்து அழித்துவிட்டு ஆட்களைப் படகோடு விட்டுவிடுவது, வழக்குப் போட அதிகார வரம்பு இல்லாததால். அப்படியானால் துப்புக்குத் திரும்பும் அம்பு உங்கள் வரைபடத்தில் எங்கிருந்து கிளம்பும் என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். சதுர அட்டவணையை ஏ3 தாளில் கையால் போட்டு எடுத்து வாருங்கள். ட்ரோன் படம் பின்னிணைப்பில் இருந்தால் போதும்.